இரண்டு வாட்டா, எட்டு வாட்டா? சிங்கிள் எண்டட் வால்வு ஆம்ப் தேர்ந்தெடுக்கும் கணக்கு

வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வால்வின் பெயரைத்தான். 300பி வாங்கலாமா, 2ஏ3 போதுமா, இஎல்84 ரொம்பச் சின்னதா? விலையும் ஏறக்குறைய அதே வரிசையில் ஏறுவதால், காசு இருந்தால் 300பி, இல்லாவிட்டால் மற்றவை என்று முடிவாகிவிடுகிறது. பலருடைய பணம் வீணாவது இங்கேதான். ஒரு சிங்கிள் எண்டட் ஆம்ப் உங்கள் வீட்டில் எப்படிப் பாடும் என்பதை முதலில் முடிவு செய்வது உங்கள் ஸ்பீக்கர். அடுத்தது, வால்வின் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றதாக மாற்ற அந்த ஆம்ப்பில் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். வால்வின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தங்களுக்கு 2 வாட்டே போதும் என்று பலருக்குத் தெரியவரும். சிலருக்கு எந்தச் சிங்கிள் எண்டட் ஆம்ப்பும் சரிவராது என்பதும் தெரியவரும். காசு கொடுப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.

எட்டு வாட்டுக்கு ஆகும் செலவு

சிங்கிள் எண்டட் என்றால் ஒரு சானலுக்கு ஒரே அவுட்புட் வால்வு. அலையின் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் அந்த ஒன்றே சுமக்க வேண்டும். அதனால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வால்வில் மின்னோட்டம் ஒரே அளவில் பாய்ந்துகொண்டே இருக்கும். கிளாஸ் ஏ என்பது இதுதான். 300பி-யின் பிளேட்டில் (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகட்டில்) 350 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 21 வாட் ஆகிறது. சூடாக்கும் இழையான ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட், 1.2 ஆம்பியர், அதில் 6 வாட். எலெக்ட்ரான்கள் கிளம்பும் கேத்தோடில் மாட்டிய ரெசிஸ்டரில் இன்னும் 4 வாட்டுக்கு மேல். இத்தனையும் எரித்து ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 7 அல்லது 8 வாட். அவுட்புட் வால்வை இயக்கும் டிரைவர் வால்வு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் எல்லாம் சேர்த்தால் ஒரு ஸ்டீரியோ 300பி ஆம்ப் சுவரிலிருந்து 100 வாட்டுக்கு மேல் இழுத்து, ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாக அறைக்குள் விடும். சென்னையில் மே மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த எட்டு வாட், இரண்டு வாட்டைவிட எவ்வளவு சத்தம் கூட? நான்கு மடங்கு சக்தி என்பது 6 டெசிபல். காதுக்கு அது தெளிவாகத் தெரியும் வித்தியாசம், ஆனால் இரண்டு மடங்கு சத்தம் கூட இல்லை. காது ‘இரண்டு மடங்கு’ என்று உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். 45 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட வால்வின் 2 வாட்டுக்கும் 2ஏ3-யின் 3.5 வாட்டுக்கும் இடையே உள்ளது வெறும் 2.4 டெசிபல். வால்யூம் குமிழை ஒரு சுண்டு சுண்டினால் வரும் மாற்றம் அது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே 10 டெசிபல் வித்தியாசம் சர்வ சாதாரணம், சில ஜோடிகளுக்கு இடையே 15-கூட வரும்.

பி.பி.சி. 1970-களில் தன் ஒலிபரப்பு வேலைக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பெட்டிக்கு சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எழும் சத்தம், 83 டெசிபல் அருகே. லோதர் போன்ற, ஒரே ஒலிக்கூம்பு உள்ள ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்கள் 95-க்கு மேல். ஆல்டெக்கின் பழைய சினிமா ஹார்ன்கள் 100-ஐத் தொடும். 83-க்கும் 98-க்கும் நடுவே 15 டெசிபல் இருக்கிறது. சக்தியில் அது 30 மடங்குக்கு மேல். முதலாவதற்கு 60 வாட் கொடுத்து எழுப்பும் சத்தத்தை இரண்டாவது 2 வாட்டில் எழுப்பிவிடும். 1930-களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தன் தியேட்டர் ஆம்ப்களில் ஒற்றை 300 வகை வால்வை வைத்து, பத்து வாட்டுக்கும் குறைவான சக்தியில் ஒரு அரங்கத்தையே நிரப்பியது என்றால் அது ஹார்ன் ஸ்பீக்கர்களின் புண்ணியம்.

உங்கள் அறைக்குக் கணக்கு இப்படி. ஸ்பீக்கரின் 1 வாட், 1 மீட்டர் எண்ணை எடுங்கள். ஆம்ப்பின் வாட்டுக்கு உரிய டெசிபலைக் கூட்டுங்கள்: 2 வாட்டுக்கு 3, 4 வாட்டுக்கு 6, 8 வாட்டுக்கு 9. சோபா, திரை உள்ள சாதாரண அறையில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 கழியுங்கள். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டுங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கரும் 8 வாட் 300பி-யும் சேர்ந்தால் உச்சத்தில் 94 கிடைக்கும். 95 டெசிபல் ஸ்பீக்கரும் 2 வாட் இஎல்84-உம் சேர்ந்தால் 95. விலையில் பல மடங்கு குறைந்த ஆம்ப் ஒரு டெசிபல் மேலே நிற்கிறது. நல்ல ஒலிப்பதிவில் தட்டல்களின் உச்சம் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் உயரும். மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் வரும்போது அது நன்றாகவே தெரியும். எனவே 94 உச்சம் கிடைத்தால், சராசரி 75 அருகே தாராளமாகக் கேட்கலாம். வீட்டில் மற்றவர்களும் இருக்கும் நேரத்தில் அது போதுமான சத்தம்தான்.

மீட்டரை வைத்து அளப்பது

கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். நீங்கள் உண்மையில் எத்தனை வாட் பயன்படுத்துகிறீர்கள் என்பதை இப்போது கையில் இருக்கும் ஆம்ப்பிலேயே அளந்துவிடலாம். தேவை ஒரு மல்டிமீட்டரும், முழு அளவுக்கு 12 டெசிபல் குறைவாகப் பதிவான 120 ஹெர்ட்ஸ் சைன் டோன் கோப்பு ஒன்றும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இதை நீங்களே உருவாக்கலாம்: உயரம் 0.25, அவ்வளவுதான்.

வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போட்டு, இதற்கு மேல் ஒருநாளும் வைக்க மாட்டேன் என்ற அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். குமிழைத் தொடாமல் பாட்டை நிறுத்துங்கள். இப்போதைய ஆம்ப் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பாக இருந்தால் ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடலாம், காதுக்கு நிம்மதி. வால்வு ஆம்ப் என்றால் கழற்றவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் மின்னழுத்தம் எகிறி உள்ளே பொறி பறக்கும், ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிறகு டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளவிடுங்கள். வந்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். அதை வர்க்கமாக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுங்கள். மீட்டர் 0.7 வோல்ட் காட்டினால்: 2.8 வோல்ட், அதன் வர்க்கம் 7.84, அதை 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1 வாட். அந்தக் கேட்கும் பழக்கத்துக்கு ஒற்றை 45 ஆம்ப்பே அதிகம். 2 வோல்ட் காட்டினால் 8 வாட். 300பி-யின் எல்லையில் நிற்கிறீர்கள். 4 வோல்ட் என்றால் 32 வாட். இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த ஆம்ப்பும் அந்த ஸ்பீக்கருக்கு உதவாது.

மீட்டரில் ஒரு சிக்கல் உண்டு. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 வோல்ட் என இரண்டே ரேஞ்ச் இருக்கும். 0.7 வோல்ட்டை அதில் அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ளதோ, தானாக ரேஞ்ச் மாற்றுவதோ வேண்டும். 120 ஹெர்ட்ஸ் எடுப்பதற்கும் காரணம் மீட்டர்தான்: சாதாரண மீட்டர்களின் ஏசி அளவு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும்.

அட்டையில் உள்ள டெசிபல்

ஸ்பீக்கர் அட்டையில் ‘90 டெசிபல்’ என்று இருந்தால் அது 1 வாட்டுக்கா, 2.83 வோல்ட்டுக்கா என்று பாருங்கள். 8 ஓமில் இரண்டும் ஒன்றே. 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். அந்த 90 உண்மையில் 87. அறைக்குள் வைத்து அளந்த எண்ணைப் போடும் கம்பெனிகளும் உண்டு, அதில் சுவர்களின் உதவியும் சேர்ந்திருக்கும். தனிப்பட்ட பத்திரிகைகள் அளந்து வெளியிட்ட எண் கிடைத்தால் அதையே நம்புங்கள்.

சென்சிட்டிவிட்டியோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். அதைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது இம்பீடன்ஸ் வளைவு, அதாவது ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் மாறும் ஸ்பீக்கரின் எதிர்ப்பு. 8 ஓம் ஸ்பீக்கர் என்பது பெயரளவுக்கு. ஒரு சாதாரண இருவழிப் பெட்டி 200 ஹெர்ட்ஸ் அருகே 4 ஓமுக்கு இறங்கும், பாஸ் உச்சத்தில் 30 ஓமுக்கு ஏறும், பாஸையும் உச்ச ஸ்தாயியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் பக்கம் இன்னொரு மேடு இருக்கும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஓமில் ஒரு சிறு பின்னம் என்பதால் இந்த மேடுபள்ளம் அதைப் பாதிக்காது. 300பி-யின் உள் எதிர்ப்பு 700 ஓம். 3000 ஓமை 8 ஓமாக மாற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பார்த்தால் அது 1.9 ஓம் ஆகிறது. செப்புக் கம்பியின் எதிர்ப்பையும் சேர்த்தால் 2.5 ஓம் அருகே. இப்போது 4 ஓம் இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்ட் 4.2 டெசிபல் குறைகிறது, 30 ஓம் இடத்தில் 0.7 மட்டும். இரண்டுக்கும் இடையே 3.5 டெசிபல் மேடு! யாரும் திருகாமலே ஒரு டோன் கன்ட்ரோல் திருகப்பட்டுவிட்டது.

காதில் இது எப்படி விழும் என்றால், மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி ‘தொம்’ என்று நிற்காமல் ‘தொம்ம்ம்’ என்று இழுக்கும். கிராஸ்ஓவர் மேடு 2 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் பாடுபவரின் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும். ‘வால்வின் மாயம்’ என்று புகழப்படுவதில் கணிசமான பங்கு இந்த மேடுதான். அது பிடித்திருந்தால் தவறே இல்லை. ஆனால் வேறு ஸ்பீக்கர் மாற்றினால் அந்த மாயமும் மாறிவிடும்.

ஆகவே ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். குறைந்தபட்சம் 6 ஓமுக்குக் கீழே போகாததும், மேடுகள் தாழ்வானதும் சிங்கிள் எண்டட் ஆம்ப்புக்கு ஏற்றது. எல்எஸ்3/5ஏ-யின் பழைய 15 ஓம் வடிவம் சுமையாக மென்மையானது, ஆனால் சென்சிட்டிவிட்டியில் தோற்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் மேசைமேல் வைத்து மெதுவாகக் கேட்பவருக்கு மட்டும் 300பி-யோடு ஒத்துப்போகும். ஆம்ப்பில் 4 ஓம் முனையும் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டிப் பாருங்கள். வால்வு பார்க்கும் சுமை இரட்டிப்பாகும், அவுட்புட் இம்பீடன்ஸ் பாதியாகும், டிஸ்டார்ஷனும் (ஒலியின் திரிபும்) இறங்கும். கிடைக்கும் வாட் குறையும். வாட் மிச்சம் இருக்கும் வீட்டில் பாஸைக் கட்டுக்குள் கொண்டுவர காசில்லாத வழி இது. எதிர்த்திசையில் செய்யாதீர்கள்: 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் சுமை பாதியாகி டிஸ்டார்ஷன் ஏறும்.

வால்வுகள்

45 என்பது 1929 வாக்கில் ரேடியோக்களுக்காக வந்த ட்ரையோடு, அதாவது கேத்தோடு, சிக்னல் ஏறும் கிரிட், பிளேட் என்று மூன்றே முனை உள்ள வால்வு. 275 வோல்ட், 36 மில்லி ஆம்பியரில் 2 வாட். ஃபிலமென்ட் 2.5 வோல்ட். சுருதி சுத்தம் என்று இதன் குரலைச் சொல்வார்கள். அளவிலும் டிஸ்டார்ஷன் குறைந்த, நேர்கோட்டு வால்வு. 97 டெசிபலுக்கு மேற்பட்ட ஹார்ன் அல்லது ஒற்றை டிரைவர் வைத்திருப்பவருக்கு மட்டும். பழைய இருப்பு அருகி வருகிறது, புதிதாக எமிஷன் லேப்ஸ் போன்ற சில சிறு கம்பெனிகள் செய்கின்றன, விலை கசக்கும்.

2ஏ3, ஆர்சிஏ 1933-இல் கொண்டுவந்தது. 250 வோல்ட், கிரிட்டில் மைனஸ் 45 வோல்ட் பயாஸ் (நிலையான வோல்ட்), 60 மில்லி ஆம்பியர், 2500 ஓம் சுமை, 3.5 வாட். 93 டெசிபலும் நல்ல இம்பீடன்ஸும் உள்ள ஸ்பீக்கர் வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான இடம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பிளேட் வோல்ட் குறைவு என்பதால் கெப்பாசிட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். டிரைவர் வால்விடம் கேட்பது 45 வோல்ட் உச்சம் மட்டுமே, 6எஸ்என்7 போன்ற ஒன்று அதைச் சிரமமில்லாமல் கொடுக்கும்.

300பி-க்கு அந்த டிரைவர்தான் பிரச்சினை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-இல் கொண்டுவந்த இந்த வால்வின் கிரிட்டை முழுவதும் ஆட்ட 75 வோல்ட் உச்சம், அதாவது மேலும் கீழுமாக 150 வோல்ட் வீச்சு தேவை. அத்தோடு கிரிட்டின் கெப்பாசிட்டன்ஸும் அதிகம். மலிவான 300பி ஆம்ப்களில் இசிசி83 போன்ற, அவுட்புட் எதிர்ப்பு மிகுந்த சிறு வால்வை டிரைவராகப் போட்டுவிடுகிறார்கள். 300பி எல்லையைத் தொடுவதற்கு முன்பே டிரைவர் மூச்சு வாங்கும். உச்ச ஸ்தாயியும் மழுங்கும். ‘300பி என்றாலே மெழுகு மாதிரி மென்மை’ என்ற பெயர் வந்ததற்கு இத்தகைய ஆம்ப்களும் காரணம். எனவே 300பி ஆம்ப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது டிரைவர் எது, அதற்கு எத்தனை வோல்ட் சப்ளை என்பது. 300 வோல்ட்டுக்கு மேல் சப்ளை உள்ள 6எஸ்என்7 அல்லது அதைவிட வலுவான வால்வு என்று பதில் வந்தால் மேலே பேசலாம். 300பி வால்வையே உயர்ந்த விலைக்கு மாற்றுவதைவிட இதில் கிடைக்கும் பலன் பெரிது.

இஎல்84 பெண்டோடு, அதாவது ஐந்து முனை வால்வு. 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், 5200 ஓம் சுமையில் 5.7 வாட் என்று டேட்டா ஷீட் சொல்லும்; அது 10 சதவீத டிஸ்டார்ஷனில். கிரிட்டுக்கு 7.3 வோல்ட் உச்சம் போதும் என்பதால் அரை இசிசி83-ஏ டிரைவராகப் போதும். அதனால்தான் இந்த ஆம்ப்கள் சிறியதாகவும் மலிவாகவும் இருக்க முடிகிறது. பெண்டோடாக ஓட்டினால் உள் எதிர்ப்பு 38,000 ஓம். ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கர் பக்கம் அது 58 ஓம்! ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியை உள்ளே திருப்பிக் கொடுத்துத் திருத்துவது) இல்லாமல் எந்த ஸ்பீக்கரும் இதோடு ஒழுங்காகப் பாடாது. 12 டெசிபல் ஃபீட்பேக் கொடுத்தால் கணக்குப்படி 2.3 ஓமுக்கு இறங்கும். அது ஃபீட்பேக் இல்லாத 300பி-யின் அளவுதான். ‘ஃபீட்பேக் உள்ளது மட்டம்’ என்று ஒதுக்குபவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக பிளேட்டோடு இணைத்து ட்ரையோடாக்கினால் எதிர்ப்பு 2000 ஓம் அருகே இறங்கும், சக்தி 2 வாட் ஆகும். அமெரிக்காவில் டெக்வேர் கம்பெனியின் ஸென் ட்ரையோட் ஆம்ப் இந்தக் குடும்ப வால்வில் 2 வாட் அளவில் பல ஆண்டுகளாக விற்பனையாவது இந்த வழியில்தான். நமக்கு இன்னொரு வசதி: பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இந்த வால்வைச் செய்தது, பழைய ரேடியோக்காரர்களிடம் இன்னும் அந்தப் பெயர் போட்ட வால்வுகள் கிடைக்கின்றன. முதல் ஆம்ப்பாக ட்ரையோடு முறை இஎல்84-ஐத் தயங்காமல் சொல்வோம்.

6வி6 ஏறக்குறைய இதே கதை: 250 வோல்ட்டில் 4.5 வாட், கொஞ்சம் பொறுமைசாலி வால்வு. 845, 211 பற்றி ஒரே வரி: பிளேட்டில் 1000 வோல்ட் அளவில் ஓடுபவை, கிட் வாங்கிக் கட்டிப் பழகுபவர் அருகில் போக வேண்டாம். 87 டெசிபலுக்குக் கீழே உள்ள ஸ்பீக்கரை மாற்ற மனமில்லாதவர் இந்த வரிசை முழுவதையும் விட்டுவிட்டு, ஒரு சானலுக்கு இரண்டு இஎல்84 போட்டு எதிரெதிராக இயக்கும் புஷ்-புல் ஆம்ப்பைப் பார்க்கலாம். 10 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கிடைக்கும்.

இரும்பும் செம்பும்

புஷ்-புல் ஆம்ப்பில் இரண்டு வால்வின் டிசி மின்னோட்டமும் எதிரெதிராகப் பாய்ந்து, ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் ஒன்றையொன்று நீக்கிவிடும். சிங்கிள் எண்டடில் அந்த 60 மில்லி ஆம்பியரும் ஒரே பக்கமாகக் கோரைக் காந்தமாக்கும். கோர் நிறைந்துபோகாமலிருக்க நடுவே ஒரு சிறு காற்று இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி விட்டால் பாஸைத் தாங்கும் இண்டக்டன்ஸ் (ஹென்றியில் அளப்பது) விழும். அதை ஈடுகட்டப் பெரிய கோரும் அதிகச் சுற்றும் வேண்டும். சுற்று கூடினால் கம்பியின் எதிர்ப்பும் உச்ச ஸ்தாயி இழப்பும் கூடும். நல்ல சிங்கிள் எண்டட் ட்ரான்ஸ்ஃபார்மர் கனமாகவும் விலையாகவும் இருப்பதற்கு இந்த இழுபறிதான் காரணம். கனடாவின் ஹேமண்ட், சுவீடனின் லுண்டால், ஜப்பானின் ஹாஷிமோட்டோ எல்லாம் இதைத் தீர்ப்பதற்கே பெயர் வாங்கியவை.

3000 ஓம் சுமைக்கு, 20 ஹெர்ட்ஸில் பிரைமரியும் 3000 ஓமாவது காட்ட 24 ஹென்றி தேவை. சிறிய கோரில் அது வராது. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற விளம்பரம் பெரும்பாலும் 1 வாட்டில் அளந்தது. கோரில் ஏறும் காந்தப்பாயம் வோல்ட்டுக்கு நேராகவும் ஹெர்ட்ஸுக்குத் தலைகீழாகவும் மாறும். ஆகவே முழு வாட்டில் 30 ஹெர்ட்ஸ் கொடுக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பதில் இல்லையென்றால் எடையைக் கேளுங்கள். 300பி-க்கான ஒற்றை ட்ரான்ஸ்ஃபார்மர் 2 கிலோவுக்குக் குறைந்தால் பாஸை எதிர்பார்க்காதீர்கள். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைப் புதிய ஆம்ப்பில் போட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். ஓம் கணக்குப் பொருந்தும், ஆனால் பேச்சுக்கும் மீடியம் வேவ் பாட்டுக்கும் செய்த கோர் அது, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைவிடும். புஷ்-புல் ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் அதைவிட மோசம். இடைவெளி இல்லாத கோர் டிசியிலேயே நிறைந்து பாஸ் காணாமல் போகும்.

ஹம்

உயர் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்கு ஒரு விலை உண்டு: ஆம்ப்பின் ஹம்மையும் (மின்லைனிலிருந்து வரும் உறுமலையும்) அது அதே ஆர்வத்தோடு பாடும். ஆம்ப் வாயில் 3 மில்லிவோல்ட் ஹம் இருந்தால், அது 1 வாட்டுக்கு 59.5 டெசிபல் கீழே. 88 டெசிபல் ஸ்பீக்கரில் 28 டெசிபல், ஃபேன் சத்தத்தில் காணாமல் போகும். 100 டெசிபல் ஹார்னில் 40 டெசிபல். இரவில் அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். 95-க்கு மேல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் என்பதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

45, 2ஏ3, 300பி மூன்றிலும் ஃபிலமென்ட்டே கேத்தோடு. அதை ஏசியில் எரித்தால் ஹம் நேரே இசையோடு கலக்கும். 2.5 வோல்ட் வால்வுகளில் அது சமாளிக்கக்கூடியது, 300பி-யின் 5 வோல்ட்டில் கடினம். அதனால்தான் பல 300பி ஆம்ப்கள் டிசி ஃபிலமென்ட் வைத்திருக்கின்றன. ஏசி முறையில் ஃபிலமென்ட்டின் குறுக்கே ஹம் பாட் என்ற 100 ஓம் திருகு ரெசிஸ்டர் இருக்கும். உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை மில்லிவோல்ட் ஏசியில் வைத்து, எண் மிகக் குறையும் வரை அதை மெல்லத் திருக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அடங்கும், 100 ஹெர்ட்ஸ் கொஞ்சம் மிஞ்சும். அந்த ரெசிஸ்டரைத் திருகி அதைப் போக்க முடியாது. மிச்சம் அதிகமாக இருந்தால் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். அதைப் பெரிதாக்கினால் ஹம் போகும் என்று வால்வு ரெக்டிஃபையருக்கு அடுத்த முதல் கெப்பாசிட்டரை 220 மைக்ரோஃபாரட் ஆக்குபவர்கள் உண்டு. ஜிஇசட்34-க்கு அங்கே எல்லை 60 மைக்ரோஃபாரட். மீறினால் சுவிட்ச் போடும்போது ரெக்டிஃபையருக்குள் பொறி பறக்கும். கூட்ட வேண்டியது சோக் என்ற ஃபில்டர் சுருளுக்குப் பிறகு வரும் கெப்பாசிட்டரில்.

பழைய ஆம்ப்பைப் பார்க்கும்போது

பயாஸைக் கேத்தோடு ரெசிஸ்டரே உண்டாக்கும் கேத்தோடு பயாஸ் ஆம்ப் என்றால் கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட் அளந்தால் போதும், வால்வின் உடல்நிலை தெரிந்துவிடும். 1000 ஓம் ரெசிஸ்டரில் 62 வோல்ட் என்றால் 62 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 340 வோல்ட் என்றால் 21 வாட், 300பி-க்கு நிம்மதியான இடம். ஒரு சானலில் 62-உம் மற்றதில் 48-உம் வந்தால் இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறைவு வால்வோடு நகர்ந்தால் வால்வு களைத்துவிட்டது. அதே சானலில் நின்றால் ரெசிஸ்டரோ கெப்பாசிட்டரோதான். ஒரு சானலில் எண் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போய், பிளேட் மங்கலாகச் சிவந்தால் உடனே அணையுங்கள்: டிரைவரிலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்ட் போகிறது என்பது முதல் சந்தேகம். மலிவான இஎல்84 ஆம்ப்களில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்த வால்வின் எல்லை 12 வாட், சிலர் வாட் எண்ணை ஏற்றிக் காட்ட 300 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து 14, 15 வாட்டில் ஓட்டுகிறார்கள். சத்தம் நன்றாக இருக்கும், வால்வு சீக்கிரம் போகும்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஆம்ப்பை இங்கே ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டினால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. 50 ஹெர்ட்ஸில் மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரின் கோர் 20 சதவீதம் அதிகம் சுமக்கும். 60-க்கு மட்டுமே கணக்குப் போட்டுச் செய்ததாக இருந்தால் உறுமும், சுடும். நம் ஊர் லைனிலும் கவனம் தேவை. 230-க்குச் செய்த ஆம்ப்பில் இரவில் 250 வோல்ட் வந்தால் 300பி ஃபிலமென்ட்டின் 5 வோல்ட் 5.4-ஐத் தாண்டும். 5 சதவீதத்துக்குள் வைத்தால்தான் வால்வு நாள்பட உழைக்கும். உங்கள் வீட்டு லைன் அப்படி ஏறுமானால் ஸ்டெபிலைசர் போடுவதோ, மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் முனை இருந்தால் அதற்கு மாற்றுவதோ ஆம்ப் வந்த முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை.

மூடியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பொறுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் 8 ஜூல் வைத்திருக்கும். இதயத்தின் குறுக்கே பாய்ந்தால் ஆபத்தான அளவு அது. 4.7 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்களில் மாட்டி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டரின் இரு முனையிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரை டிசியில் வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபில்டர் கெப்பாசிட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக.